உடலை வாங்கும் முன் ஒரு மனு

அரசு மருத்துவமனைப் பிணவறை வாசல். போலீஸ் காவலில் இருந்தவர் இறந்துவிட்டார். "உடலை வாங்க மாட்டோம்" என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்திருந்தது. "எழுதிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டேன். யாரும் கொடுக்கவில்லை. உள்ளே போஸ்ட்மார்ட்டம் முடிந்து தையலும் போட்டாகிவிட்டது.

மறியலைக் குறை சொல்லவில்லை. அது இல்லாமல் அசையாத அதிகாரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் நிவாரணமும் அரசு வேலையும் பேசி முடிவதற்குள் தடயம் போய்விடுகிறது. 2020 ஜூனில், போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளத்தில் என்ன நடந்தது? சிசிடிவி பதிவு தினமும் தானாகவே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததாக, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

காவல் மரணம் என்றால், போலீஸ் விசாரணை நடந்தாலும் நீதித்துறை நடுவர் (ஜுடிஷியல் மாஜிஸ்திரேட்) தனியாக விசாரித்தே ஆக வேண்டும். சிறையில் இறந்தாலும் அப்படித்தான். 2006 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 196-வது பிரிவு. "ஆர்டிஓ விசாரிப்பார்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்; அவர் வருவாய்க் கோட்டாட்சியர், நீதித்துறை நடுவர் அல்ல. முடிந்தவரை உறவினருக்குத் தகவல் சொல்லி, விசாரணையில் உடனிருக்க விட வேண்டும். உறவினர் என்று அந்தப் பிரிவு சொல்வது பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவியை மட்டும்தான். ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் அலைகிறவரோ பெரும்பாலும் மச்சான்தான்!

போஸ்ட்மார்ட்டத்துக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020 டிசம்பரில் தெளிவான வழிமுறை கொடுத்தது. அறுப்பதற்கு முன் குடும்பத்தார் உடலைப் பார்க்கலாம். முழு உடலுக்கும் எக்ஸ்ரே, வீடியோ எடுக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போகிறோம் என்று குடும்பம் சொன்னால் 48 மணி நேரம் உடலைப் பத்திரப்படுத்த வேண்டும். இதை வாயால் சொன்னால், யாரும் சொல்லவே இல்லை என்று பிறகு பதில் வரும்.

அன்று ஒரு கார் பானெட்டின் மேல் வைத்தே மனுவை எழுதினேன். மூன்றே கோரிக்கை: நீதித்துறை நடுவர் விசாரணை, போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் வீடியோவும், சிசிடிவி பதிவைப் பாதுகாப்பது. கையெழுத்துப் போட மச்சான்தான் முன்னால் வந்தார். அம்மாவை அழைத்து வரச் சொன்னேன். அந்த அம்மா கைநாட்டு வைத்தார். அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு, நகலில் முத்திரை போட்டு, கேட்ட பிறகு நேரத்தையும் எழுதினார்கள்: மாலை 4.10.