குடிபோதை வழக்கில் போன லைசென்ஸ்: அபராதம் கட்டினால் மட்டும் திரும்பி வராது

குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கோர்ட்டுக்குப் போகிறார்கள், பத்தாயிரம் ரூபாய் கட்டுகிறார்கள், ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாளே வண்டியை எடுத்துவிடுகிறார்கள். அபராதம் கோர்ட் சம்பந்தப்பட்டது. லைசென்ஸைத் திருப்பித் தருவது ஆர்.டி.ஓ. ஆபீஸ் சம்பந்தப்பட்டது. ஒன்றை முடித்தால் இன்னொன்று தானாக முடிந்துவிடாது.

எனக்குத் தெரிந்த லோடு ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிருக்கிறது, லைசென்ஸில் இருந்த பழைய வாடகை வீட்டு முகவரிக்கு. வீடு மாறி நான்கு வருஷமாகிவிட்டது. அவர் கைக்கு விஷயம் வந்து சேர்ந்தபோது லைசென்ஸை முடக்கி உத்தரவே போட்டுவிட்டார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. அதனால்தான் நடைமுறையை முதலிலிருந்து எழுதுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை என்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை 2 வருஷம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் இந்தத் தொகைதான். ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவதுபோல ரோட்டிலேயே கட்டி முடிக்கிற அபராதம் இது இல்லை. சமரசமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 185 கிடையாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். 'இங்கேயே பேசி முடிச்சுக்கலாம்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இனி லைசென்ஸ் விஷயம். பிடிக்கிற போலீஸ் அதிகாரி லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும் என்று 206-வது பிரிவு சொல்கிறது. பதிலுக்கு ஒரு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டைத் தற்காலிக லைசென்ஸ் என்று நினைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. லைசென்ஸ் கைக்குத் திரும்பும்வரை அந்தச் சீட்டை வைத்து வண்டி ஓட்ட முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், பிறகு தேவைப்படும். லைசென்ஸ் எந்த ஆர்.டி.ஓ.வுக்குப் போகிறது என்பதையும் ஸ்டேஷனிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மதுரையில் எடுத்த லைசென்ஸோடு சென்னையில் பிடிபட்டவர், இதைக் கேட்காமல் விட்டால் இரண்டு ஊருக்கும் அலைய நேரிடும்.

அடுத்து, தகுதிநீக்கம் (ஓட்டத் தடை) பற்றிய 19-வது பிரிவு. ஆர்.டி.ஓ. உங்கள் தரப்பைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது. நோட்டீஸ் வந்தால் பதிலை எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் எந்தத் தேதியில் வாங்கப்பட்டது, அன்றிலிருந்து ஓட்டவில்லை என்பது, இதற்குமுன் இந்தக் குற்றத்தில் சிக்கியதில்லை என்றால் அது, வண்டி ஓட்டித்தான் குடும்பம் நடக்கிறது என்றால் அதுவும், எல்லாவற்றையும் எழுதுங்கள். பொய் மட்டும் வேண்டாம். மூச்சுக் கருவியின் அளவுச் சீட்டு வழக்கில் இருக்கும். அதற்கு எதிராக 'நான் குடிக்கவே இல்லை' என்று எழுதினால் மற்ற நியாயமும் எடுபடாமல் போகும். வீடு மாறியிருந்தால் இப்போதைய முகவரியை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பதில் திருப்தியாக இருந்தால் ஆர்.டி.ஓ. விட்டுவிடலாம். இல்லையென்றால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, முதல் முறைக்கு 3 மாதம் தகுதிநீக்கம் செய்யலாம். உத்தரவில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பாருங்கள். லைசென்ஸைப் போலீஸ் வாங்கிய நாளிலிருந்து நாமாகவே கணக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது. உத்தரவு நியாயமில்லை என்று தோன்றினால், அது கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு வந்த கவரைத் தூக்கிப் போடாதீர்கள். அது என்றைக்குக் கைக்கு வந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

மூன்று மாதம் முடிந்ததும் நேராகப் போய் லைசென்ஸை வாங்கிவிடலாமா? முடியாது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் திரும்பத் தர வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. அதையும் உரிமம் பெற்ற பயிற்சிப் பள்ளியில்தான் முடிக்க வேண்டும். எந்தப் பள்ளியின் சான்றிதழை ஏற்பார்கள் என்று அதே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கடைசி வாரம்வரை தள்ளிப்போடாமல், தகுதிநீக்கக் காலத்துக்குள்ளேயே முடிக்க முடியுமா என்றும் கேளுங்கள். வண்டிதான் பிழைப்பு என்கிறவருக்கு ஒவ்வொரு நாளும் கூலி.

இடையில் ஓட்டிப் பிடிபட்டால் அது தனிக் குற்றம். 182-வது பிரிவில் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். செல்போனில் டிஜிலாக்கர் நகல் இருக்கிறதே என்றால், தகுதிநீக்கம் அரசின் லைசென்ஸ் போர்ட்டலில் பதிவாகிவிடும், சோதனை செய்கிறவர் பார்த்தாலே தெரியும். அந்த நேரத்தில் விபத்து நடந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். தகுதிநீக்கம் செய்யப்பட்டவர் ஓட்டியதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நஷ்டஈடு உங்கள் தலையில் விடியும். லோடு ஆட்டோவையே விற்றாலும் பல நேரம் அந்தத் தொகை வராது.

இரண்டாவது முறை என்றால் கதையே வேறு. ஆர்.டி.ஓ. லைசென்ஸை ரத்து செய்யலாம். கோர்ட் தன் பங்குக்குச் செய்யும் தகுதிநீக்கமும் சேரும்; அது முதல் முறை தண்டனையிலேயே உண்டு, 20-வது பிரிவின்படி குறைந்தது 6 மாதம். ரத்தான லைசென்ஸ் திரும்ப வராது. தகுதிநீக்கக் காலம் முடிந்தபின் எல்.எல்.ஆர். போட்டு, டெஸ்டில் வண்டி ஓட்டிக் காட்டிப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும், முப்பது வருஷம் லாரி ஓட்டியவராக இருந்தாலும்.