உதையின் வேகம் எந்தத் தசையில் இருக்கிறது?

12 வயதுப் பையன் காலை ஓங்கி உதைத்தும் பந்து ஏன் மந்தமாகப் போகிறது, தொடைக்கு எடைப் பயிற்சி கொடுக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அளவோடு கொடுக்கலாம். ஆனால் கோளாறு பெரும்பாலும் பலத்தில் இல்லை, தசைகள் விழிக்கும் வரிசையில் இருக்கிறது.

புறங்கால் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் சுமார் 10 மில்லிவினாடிதான். நரம்பின் கட்டளை வந்து தசை முழு விசையை எட்ட அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். எனவே பந்தில் பட்டபின் அழுத்துவது நடக்காத காரியம். வேகம் அதற்கு முன்பே சேர்ந்தாக வேண்டும்.

எப்படிச் சேர்கிறது? ஊன்றுகால் பதியும்போது உதைக்கும் கால் பின்னே போய், முழங்கால் மடங்கியிருக்கும். முன்தொடையின் நான்கு தசைகளில் ரெக்டஸ் ஃபெமோரிஸ் மட்டுமே இடுப்பு, முழங்கால் இரண்டையும் தாண்டிப் போகிறது. ஆகவே இரண்டு முனையிலும் இழுபடுகிறது. இழுபட்டபடியே இறுகவும் தொடங்குகிறது. இடுப்பை மடக்கும் தசைகள் தொடையை முன்னே வீசும்போதுகூட முழங்கால் இன்னும் மடங்கிக்கொண்டுதான் இருக்கும். பிறகு கீழ்க்கால் சீறிக் கிளம்ப, தொடை வேகம் குறைகிறது. அதைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் தசையல்ல, சுழலும் கீழ்க்காலின் எதிர்விசை! கடைசிக் கணத்தில் முன்தொடை தர முடிந்த வேகத்தையும் தாண்டிக் கீழ்க்கால் ஓடுகிறது. முழங்கால் அளவு மீறி நீளாமல் காக்கப் பின்தொடையின் ஹாம்ஸ்ட்ரிங் இறுகுகிறது.

பழகாத பிள்ளைகளிடம் இந்த ஹாம்ஸ்ட்ரிங் முந்திக்கொண்டு, முன்தொடையோடு சேர்ந்தே இறுகிவிடும். பாதி உழைப்பு அங்கேயே வீண். முழு பலத்தோடு உதைக்கச் சொன்னால் இறுக்கம் இன்னும் கூடும். 30 முதல் 45 பாகைச் சாய்வில் சில எட்டு ஓடிவந்து, ஊன்றுகாலைப் பந்தின் பக்கவாட்டில் பதித்து, கணுக்காலை நீட்டி விறைத்து, மிதமான வேகத்தில் உதைத்துப் பழகட்டும். 12 வயதுவரை 350 முதல் 390 கிராம் எடையுள்ள 4ஆம் எண் பந்தே போதும்.

தசைகள் எப்போது, எவ்வளவு இறுகுகின்றன என்பதை அவற்றின் மின்சமிக்ஞையைப் பதிவுசெய்யும் ஈ.எம்.ஜி. கருவியால் அளக்கலாம். முடி மழித்து, ஆல்கஹாலால் துடைத்த தோலில், தசைநாரின் போக்கில் 2 செ.மீ. இடைவெளியில் மின்முனைகளை ஒட்டுவார்கள். மெலிந்த தொடையில் பக்கத்துத் தசையின் சமிக்ஞையும் கலந்துவிடும். இன்னொரு தொல்லை, முதலில் தசையை முடிந்தமட்டும் இறுக்கச் சொல்லி, அந்த அளவையே 100 சதவீதமாக வைத்து ஒப்பிடுவார்கள்; சிறுவர்கள் அந்த அதிகபட்ச இறுக்கத்தை முழுதாகக் காட்டமாட்டார்கள். எனவே உதையின்போது 100 சதவீதத்துக்கு மேல் பதிவானால் பையன் அசுரன் என்று அர்த்தமில்லை.

14 முதல் 17 வயதுக்குள் கவனம் வேறிடத்துக்குப் போக வேண்டும். ரெக்டஸ் ஃபெமோரிஸ் தொடங்கும் இடுப்பெலும்பு முனையில் இன்னும் வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கும். தசைநாணைவிட அது பலவீனமானது. ஓங்கி உதைக்கையில் டக்கென்று ஒரு சத்தம், கவட்டின் முன்பக்கம் வலி, காலைத் தூக்க முடியவில்லை என்றால் எலும்புத் துண்டே பெயர்ந்திருக்கலாம். நம் ஊரில் இதற்கு முதல் வைத்தியம் சுளுக்கு வழிப்பது. பெயர்ந்த துண்டை இன்னும் தள்ளிக் கெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. எக்ஸ்ரே எடுங்கள். பெரும்பாலானோருக்கு ஊன்றுகோலும் சில வார ஓய்வுமே போதும். துண்டு சுமார் 2 செ.மீ. விலகியிருந்தால்தான் அறுவை சிகிச்சையை யோசிப்பார்கள்.