பூமி பூஜை போட்டதும் பணம் புழங்காது

பாலம், சாலை என்று எந்த அறிவிப்பு வந்தாலும் செவ்வாய்ப்பேட்டை கம்பிக் கடைகளில் ஒரே பேச்சுதான்: "இனி சேலத்தில் பணம் புழங்கும்." வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிற என் அனுபவத்தில் அது பாதிதான் உண்மை.

தொழில் மந்தமாகும்போது அரசு செலவழித்தால், அந்தப் பணம் கை மாறி மாறிப் பலருக்கு வேலை தரும் என்பது பொருளாதார அறிஞர் கெயின்ஸ் சொன்ன கணக்கு. கொரோனாவுக்குப் பிறகு மத்திய அரசும் அந்த வழியில்தான் போனது. 2020-21இல் 4.26 லட்சம் கோடி ரூபாயாக இருந்த மூலதனச் செலவுக்கு (சாலை, பாலம் மாதிரி நிலைத்து நிற்கும் வேலைகளுக்கான செலவு), 2024-25 பட்ஜெட்டில் 11.11 லட்சம் கோடி ஒதுக்கினார்கள். நம் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் மாதிரிப் பெரிய வேலையில் இயந்திரம், இரும்பு என்று கணிசமான பணம் வெளியூர் போய்விடும். ஊருக்குள்ளேயே சுற்றுவது சாக்கடை, தடுப்புச்சுவர் மாதிரிச் சின்ன வேலைகளின் பணம்தான்.

ஏற்காடு மலைப்பாதையில் தடுப்புச்சுவர் கட்டினார் என்னிடம் வரிக் கணக்குப் பார்க்கும் ஒப்பந்ததாரர் ஒருவர். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற பாதை. ஜல்லி விலையைவிட லாரி வாடகைதான் அவரை அழவைத்தது. சனிக்கிழமை ஆனால் கொத்தனார், சித்தாள் கூலியை நிறுத்த முடியாது. அன்று மாலையே அது மளிகைக் கடைக்குப் போய்விடும். பணம் புழங்கத்தான் செய்தது. ஆனால் யார் பணம்? முடிந்த வேலையைப் பதியும் எம்-புக்கில் (அளவுப் புத்தகம்) அளவு ஏறியும் பத்து லட்ச ரூபாய் பில் ஆறு மாதம் வரவில்லை. இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கினார். வட்டி மட்டும் 1,20,000. அவருக்கு நிற்க வேண்டிய லாபமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அப்புறம் ஜிஎஸ்டி. 18 சதவீதம் போட்டு இன்வாய்ஸ் கொடுத்துவிட்டால், பொருள் வாங்கியபோது கட்டிய வரி போக மீதியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அரசிடமிருந்து பணம் வரவில்லை என்பதை ஜிஎஸ்டி போர்ட்டல் கேட்காது.

துணை ஒப்பந்தம் எடுப்பவர்களும் கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர்களும் வேலை உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நிதி ஒதுக்கீடு ஆகிவிட்டதா, வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகப் பணம் தரும் பார்ட் பில் உண்டா, பில்லில் நிறுத்தி வைக்கும் பிடித்தம் எத்தனை மாதத்துக்கு என்று முதலிலேயே விசாரியுங்கள். வட்டிக்காரரைத் தேடும் முன், வேலை உத்தரவை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்ப் பாருங்கள்.

அந்த ஒப்பந்ததாரர் இப்போது டெண்டர் போடும் முன் இதெல்லாம் விசாரிக்கிறார். கம்பிக் கடைக்காரர்தான் பழைய பாக்கிக்காக இன்னும் என் அலுவலகத்துக்குப் போன் செய்துகொண்டிருக்கிறார்.