ஐ.சி.யூ. ஒத்துவரவில்லை என்றால் நர்ஸிங்கையே விடுவதா?

இந்த மாதமும் ஒரு ராஜினாமாக் கடிதம். நான்கு வருட பி.எஸ்சி. நர்ஸிங் முடித்த கையோடு ஐ.சி.யூ.வில் சேர்ந்த பெண். "எனக்கு நர்ஸிங் செட் ஆகாது மேடம்" என்கிறாள். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நோயாளிகளோடு பேசிப் பழகுகிற சுபாவம். வென்டிலேட்டரில் இருப்பவர்கள் எங்கே பேசுவார்கள்? டிபார்ட்மென்டை மாற்றக் கேட்க வேண்டியவள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். எத்தனை பேரிடம் இதையே சொல்வது?

முதலில் இந்த ஐ.சி.யூ. மோகம். அங்கே இருந்தால்தான் நர்ஸ், மற்றதெல்லாம் காய்ச்சல் பார்க்கிற வேலை என்று காலேஜிலேயே சீனியர்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள். "வெளிநாடு போக அதுதான் வேணுமாமே" என்று வீட்டிலும் சேர்ந்துகொள்கிறார்கள். ஐ.சி.யூ. அனுபவத்துக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. அது ஒன்றுதான் வழி என்பது பொய். பிரிட்டனின் நர்ஸ் பதிவேட்டில் மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஜெர்மனியில் முதியோர் பராமரிப்புக்கு ஆள் தேடுகிறார்கள். திறமைக் கணக்கிலும் இது தப்பு. ஜெனரல் வார்டில் பல படுக்கைகளுக்கு மானிட்டரே கிடையாது. காலையில் எழுந்து காபி கேட்டவர் மதியம் மூச்சைக் கொஞ்சம் வேகமாக இழுக்கிறார் என்பதை உங்கள் கண்தான் பிடிக்க வேண்டும். மனநல வார்டில் மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது. வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்தில் ஒதுக்கியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும், அதுவும் அவர் மனம் நோகாமல். செய்து பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள் சுலபமா என்று.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? எது கௌரவம் என்று பார்க்காதீர்கள், எதைத் தாங்க முடியும் என்று பாருங்கள். டயாலிசிஸில் அதே ஆட்கள் வாரம் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், வருடக்கணக்கில் வருவார்கள். பேத்தி கல்யாணம்வரை உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் வரமாட்டார்கள். அது தாங்காது என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஓ.டி.யில், அதாவது ஆபரேஷன் தியேட்டரில், பேச்சு குறைவு, ஒழுங்கு அதிகம். தையல் போட சர்ஜன் அவசரப்படும்போது "மாப் கவுண்ட் சரியில்லை சார்", அதாவது உள்ளே வைத்த துணிகளின் எண்ணிக்கை இடிக்கிறது என்று அசையாமல் நிற்கத் தெரிய வேண்டும். பச்சிளம் குழந்தைகளுக்கான என்.ஐ.சி.யூ.வில் மருந்து மில்லியில் பத்தில் ஒரு பங்காகக்கூடப் போகும். அவசரக் கைக்கு அங்கே இடமில்லை.

இன்னொன்று. இரவு டியூட்டியோ, கத்துகிற இன்சார்ஜோ, ஆள் பற்றாக்குறையோதான் பிரச்சினை என்றால் அதைத் துறையின் தலையில் போடாதீர்கள். ஐ.சி.யூ.வில் ஒரு படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவு. மூன்று வென்டிலேட்டரை ஒரே ஆளிடம் கொடுத்தால் யாருக்குத்தான் செட் ஆகும்?

எந்த டிபார்ட்மென்ட், எப்போது மாற்றுவார்கள் என்று கேட்காமல், இத்தனை காலம் இங்கேயே வேலை செய்வேன் என்கிற பாண்டில் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றம் கேட்பதென்றால் எழுத்தில் கேளுங்கள். காரிடாரில் சொன்னது யாருக்கும் ஞாபகம் இருக்காது. இன்சார்ஜ் சிஸ்டர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள்: ராஜினாமாவை மேலே அனுப்புவதற்கு முன் அந்தப் பிள்ளையை ஒரு மாதம் வேறு வார்டில் போட்டுப் பாருங்கள்.

மனதுக்குப் பிடித்த துறை தெரிந்ததும் படிக்கத் துடிப்பீர்கள், நல்லது. கிரிட்டிகல் கேர், புற்றுநோய், மனநலம், ஓ.டி. என்று ஓராண்டுப் பட்டயப் படிப்புகள் இருக்கின்றன. ஆனால் பணம் கட்டும் முன் அந்த நிறுவனம் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று இணையதளத்தில் நீங்களே பாருங்கள். "அங்கீகாரம் வந்துடும் மேடம்" என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். வந்த பிறகு கட்டிக்கொள்ளலாம்.