லாகின் பேஜ் முடிஞ்சிருச்சு சார்!

மாணவர்களின் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுகளுக்கு வெளியிலிருந்து மென்டராகப் போகிற வழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. முதல் ரிவியூவில், ‘இதுவரைக்கும் என்ன முடிச்சிருக்கீங்க?’ என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ‘லாகின் பேஜ் முடிஞ்சிருச்சு சார்.’

ஒரு டீம் இன்னும் நினைவில் இருக்கிறது. சைகை மொழியைப் பேச்சாக மாற்றும் கையுறை செய்கிறோம் என்றார்கள். நல்ல யோசனை. ஐந்து விரலுக்கும் வளைவை அளக்கும் ஐந்து ஃபிளெக்ஸ் சென்சார், நடுவில் ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டு, வைஃபை வழியாக மொபைல் செயலிக்குத் தகவல் போகும், அங்கே ஒரு மெஷின் லேர்னிங் மாடல் (உதாரணங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரல்) சைகையைக் கண்டுபிடித்துப் பேசும். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் லாகின் பேஜ் தயார். பாஸ்வேர்டு மறந்தால் மீட்டெடுக்கும் வசதியும் தயார். டார்க் மோடு கூட இருந்தது. சென்சார் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரவில்லை.

அவர்களைச் சோம்பேறிகள் என்று யாராலும் சொல்ல முடியாது. ராத்திரி பகலாக உழைத்தவர்கள். தெரிந்த வேலையைச் செய்தால் ஏதோ நகர்கிற மாதிரி இருக்கும். தெரியாததைத் தொட்டால் பயமாக இருக்கும். அதனால் தெரிந்ததையே செய்துகொண்டிருந்தார்கள். மாணவர் ப்ராஜெக்ட்டில் நான் பார்த்த ஆபத்துகளில் முக்கால்வாசி, தெரிந்தது முதலில் தெரியாதது கடைசியில் என்ற இந்த வரிசையிலிருந்துதான் பிறக்கின்றன. ‘வளைந்த விரலைச் சென்சார் நம்பகமாக அளக்குமா? ஒருவர் கைக்குப் பழகிய மாடல் இன்னொருவர் கைக்கும் வேலை செய்யுமா?’ என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாதவரை அந்தக் கையுறை வெறும் கையுறைதான். லாகின் பேஜ் இல்லாததால் தோற்ற மாணவர் ப்ராஜெக்ட்டை நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மென்பொருள் அறிஞர் பாரி போஹம் 1988-இல் விரிவாக எழுதிய, மென்பொருளைப் படிப்படியாக உருவாக்கும் ‘ஸ்பைரல் மாடல்’ என்ற முறையைப் பரீட்சைக்குப் படிக்காத கணினி மாணவர் குறைவு. சுருள் சுருளாக அழகாகப் படமும் வரைவார்கள். எது மிகப் பெரிய ஆபத்தோ அதை வைத்து அடுத்த வேலையை முடிவு செய் என்பதுதான் அதன் சாரம். பத்து மதிப்பெண் கேள்வியாக இருக்கும்வரை எல்லோருக்கும் தெரியும். சொந்த ப்ராஜெக்ட் என்று வந்தால் காணாமல் போய்விடும்.

அறிக்கையில் ‘இடர் மேலாண்மை’ என்று ஓர் அத்தியாயம் இருக்கும். அதில் அட்டவணை, அதில் வாய்ப்பு, தாக்கம், தீர்வு என்று பத்திகள். ‘பேட்டரி தீர்ந்து போகலாம் – நடுத்தரம் – வேறு பேட்டரி வைத்திருப்போம்.’ எல்லாம் முடிந்தபின், பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாள் எழுதப்படும் அட்டவணை அது. நடந்து முடிந்த கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போல. எனக்கு அந்த அட்டவணை வேண்டாம். அதற்குப் பதிலாக இரண்டாம் வாரத்தில் பத்தே நிமிடம் கேட்பேன்.

ஆளுக்கொரு தாள். யாரும் யாரோடும் பேசக்கூடாது. ‘இன்றைக்கு இறுதி டெமோ முடிந்துவிட்டது. ப்ராஜெக்ட் படுதோல்வி. ஏன் என்று எழுதுங்கள்’ என்பேன். உளவியலாளர் கேரி க்ளைன் 2007-இல் எழுதிய கட்டுரை மூலம் பரவலான முறை இது. ‘ப்ரீமார்ட்டம்’ என்று பெயர். தோற்கலாமா என்று கேட்டால் மாணவர்கள் ‘இல்ல சார், முடிச்சிருவோம்’ என்பார்கள். தோற்றாயிற்று, காரணம் சொல் என்றால் பேனா தானாக ஓடும். தாளில் வருகிற காரணங்களில் தொழில்நுட்பம் பாதிகூட இருக்காது. ‘ப்ரோகிராம் கோடு எல்லாம் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.’ ‘இன்டர்வியூ வந்துட்டா நான் ரெண்டு மாசம் இருக்க மாட்டேன்.’ ‘இந்தத் தலைப்பே எனக்குப் பிடிக்கலை.’ முகத்துக்கு நேரே சொல்ல முடியாதவை அவை. யார் எழுதியது என்று கேட்காமல் நானே வாசித்துவிடுவேன். ஒரு டீம் அன்றைக்கே தலைப்பை மாற்றியது. இரண்டாம் வாரத்தில் மாற்றுவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

‘அவனுக்கு மட்டும்தான் தெரியும்’ என்பதற்கு நான் கொடுக்கும் மருந்து கொஞ்சம் கசக்கும். டீமில் கோடு எழுதாதவர் ஒருவர், வேறொரு லேப்டாப்பில், கோடு எழுதியவர் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்க, ப்ராஜெக்ட்டைப் புதிதாக நிறுவி ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் தடவை அநேகமாக ஓடாது. ஒரு லைப்ரரியின் (பிறர் எழுதி வைத்த கோடுத் தொகுப்பின்) பழைய பதிப்பு அந்த ஒரு லேப்டாப்பில் மட்டும் இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

கால அளவைப் பற்றி ஒரு பழைய ஆய்வு சொல்கிறேன். 1994-இல் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியலாளர்கள், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் சுமார் 34 நாள். எல்லாமே கெட்டால்? அதற்கும் 49 நாள் போதும் என்றார்கள். உண்மையில் பிடித்தது சுமார் 56 நாள். நம் மோசமான கற்பனைகூட நிஜத்தை எட்டவில்லை பாருங்கள்! அதனால்தான் மாணவர்களிடம் ‘உனக்கு எவ்வளவு நாள் ஆகும்?’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். ‘போன வருஷம் இதே மாதிரி செஞ்ச சீனியருக்கு எவ்வளவு ஆச்சு? கேட்டுட்டு வா’ என்கிறேன். எதை முதலில் கைவிடுவது என்ற பட்டியலையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்வேன். கடைசி வாரத்தில் கேட்டால் ஒவ்வொருவரும் தன் பகுதியைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள்.

கையுறை டீமுக்கு வருகிறேன். இரண்டாம் ரிவியூவில் மாடலின் துல்லியம் 98 சதவீதம் என்றார்கள். எனக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் வந்தது. டேட்டா யாருடையது? டீமில் இருவரின் கை. பயிற்சிக்கும் சோதனைக்கும் எப்படிப் பிரித்தீர்கள்? எல்லாவற்றையும் கலந்து, குலுக்கிப் பிரித்தோம். ஒரே ஆள் ஒரே மூச்சில் செய்த சைகையின் ஒரு நொடி பயிற்சியிலும் அடுத்த நொடி சோதனையிலும் விழுந்தால், மாடல் பார்த்த கேள்விக்கே பதில் எழுதுகிறது என்று பொருள். கையுறையை நான் மாட்டிக்கொண்டு ‘நன்றி’ காட்டினேன். ‘தண்ணீர்’ என்றது.

இதற்குத் தீர்வு சிக்கலானதல்ல. பயிற்சியில் இல்லாத ஓர் ஆளின் டேட்டாவை முழுதாக ஒதுக்கி வைத்து அதில் மட்டும் சோதிக்க வேண்டும். எண் விழும். அவர்களுக்கும் விழுந்தது. அப்புறம்தான் வகுப்பில் இருக்கிற எல்லோர் கையையும் பிடித்துப் பிடித்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அதுவே முதல் மாதம் நடந்திருந்தால்!

வெளிச் சேவைகளை நம்புவது பற்றிச் சுருக்கமாக. இலவசம் என்பது இன்றைக்கு இலவசம், அவ்வளவுதான். செயலிகளை இணையத்தில் ஓட்டித் தரும் ஹெரோக்கு தன் இலவசத் திட்டத்தை 2022 நவம்பர் 28 முதல் நிறுத்தியது. ட்விட்டரின் இலவச ஏபிஐயை (பதிவுகளை நிரல் மூலம் எடுக்கும் வழியை) நம்பிக் கருத்துப் பகுப்பாய்வு செய்துகொண்டிருந்த ப்ராஜெக்ட்டுகள் 2023 தொடக்கத்தில் தவித்தன. தேவையான டேட்டாவில் ஒரு பகுதியை முதல் வாரமே இறக்கிச் சேமித்துவிடுங்கள்.

பேக்கப் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பென்டிரைவில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் நியூ லேட்டஸ்ட்’ என்று மூன்று ஃபோல்டர், எது கடைசி என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பதிப்பையும் சேமித்து வைக்கும் கிட் மென்பொருளைப் பயன்படுத்துங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது அதற்கு அடுத்த படி: எடுத்து வைத்ததைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பிறரின் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்திலேயே 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். தற்செயலாகச் சில மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல் காப்பாற்றியது.

லித்தியம் பாலிமர் பேட்டரியைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருப்பேன். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. உப்பியதைத் தொடர்ந்து பயன்படுத்தக்கூடாது. விடுதி அறையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. மதிப்பெண் போனால் திரும்ப வாங்கலாம்.

இனி அந்தக் கையுறையின் கடைசி இரவு. தனித்தனியாக எல்லாம் ஓடியது. சென்சார் மாட்யூல் ஒருத்தியிடம், வைஃபை ஒருவனிடம், செயலி இன்னொருவனிடம். டெமோவுக்கு முந்தைய இரவுதான் மூன்றையும் முதன்முறையாகச் சேர்த்தார்கள். வைஃபை இணைந்ததும் இரண்டு விரல் செத்துவிட்டது. சென்சாரை மாற்றினார்கள், ஒயரை மாற்றினார்கள், போர்டையே மாற்றினார்கள். இரவு ஒரு மணிக்கு சென்சார் வைத்திருந்த பெண்ணிடமிருந்து எனக்கு போன். ‘எந்தப் பின்னில் மாட்டியிருக்கம்மா?’ என்று கேட்டேன். சொன்னாள். ஈஎஸ்பி32-இல் சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி2 என்ற குழுவைச் சேர்ந்த பின்கள் (ஒயர் மாட்டும் கால்கள்) அவை. வைஃபை ஓடும்போது அந்தக் குழுவிலிருந்து அளவை நம்பிப் படிக்க முடியாது. தயாரிப்பாளரின் ஆவணத்திலேயே இருக்கிற விஷயம். ஏடிசி1 பின்களுக்கு மாற்றினால் முடிந்தது. ஆனால் எல்லாவற்றையும் சாலிடர் செய்துவிட்டார்கள். அந்த நேரத்தில் பிரித்தால் ஃபிளெக்ஸ் சென்சாரின் கால் உடையும்.

இரண்டு பகுதிகள் சேருமிடத்தில்தான் விபத்து. 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயில் தொலைந்ததும் அப்படித்தான்: ஒரு தரப்பின் மென்பொருள் பவுண்டு-விசை கணக்கில் எண்ணைக் கொடுத்தது, மறு தரப்பு அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. மூன்றாம் வாரத்திலேயே ஒரு சென்சார், ஒரு வைஃபை, திரையில் ஓர் எண் என்று அசிங்கமாகவாவது சேர்த்திருந்தால் அந்தப் பின் சிக்கல், சாலிடர் இல்லாமல் ஒயரைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டிலேயே, ஒரு ஜம்பர் ஒயரை இடம் மாற்றுவதோடு முடிந்திருக்கும்.

‘வைஃபையை அணைச்சிருங்க. யுஎஸ்பி கேபிள்ல லேப்டாப்புக்கு அனுப்புங்க. ஓடுறப்போ ஒரு வீடியோவும் எடுத்து வச்சுக்கோங்க’ என்று சொல்லி போனை வைத்தேன். மறுநாள் கையுறையிலிருந்து மேசை வரை நீளமாக ஒரு கேபிள் தொங்கியது. ‘அறிக்கையில் ஒயர்லெஸ் என்று போட்டிருக்கிறதே?’ என்று தேர்வாளர் கேட்டார். அந்தப் பெண் ஏடிசி2 பின் சிக்கலின் கதையை மறைக்காமல் சொன்னாள். பலகையில் படம் போட்டே விளக்கினாள். அதன் பிறகு தேர்வாளரின் கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றியே இருந்தன. லாகின் பேஜை யாரும் திறந்து காட்டச் சொல்லவில்லை.