வலி வரவைக்கச் சொன்னால் ஓடாதீர்கள், காரணம் கேளுங்கள்

முதல் கர்ப்பம், 37 வாரம். பி.பி. 150/100, சிறுநீரில் புரதம் இரண்டு பிளஸ். அட்மிட் ஆகிவிடுங்கள், மருந்து வைத்து வலி வரவைக்கலாம் என்று சொன்னேன். கூட வந்திருந்த மாமியார் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். "தேதிக்கு இன்னும் மூணு வாரம் கிடக்கு டாக்டரம்மா. வலி தானா வரட்டும். ஊசி போட்டா கடைசியில ஆபரேஷன்லதான் கொண்டுபோய் விடுவீங்க." எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எங்கள் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். சில நாள் கழித்து 108-இல் திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்து நினைவே இல்லை. வலிப்பை அடக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி, அவசர சிசேரியன், தாய்க்கு ஐ.சி.யூ., குழந்தைக்குத் தனி ஐ.சி.யூ. இருவரும் பிழைத்தார்கள். எந்த ஆபரேஷனுக்குப் பயந்து ஓடினார்களோ அதே ஆபரேஷன்தான் நடந்தது, அதுவும் படுமோசமான நிலைமையில்.

இது ஒன்றே ஒன்று என்றால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மாதம் தவறாமல் இப்படி ஒரு குடும்பத்தைப் பார்க்கிறோம். கொடுமை என்னவென்றால், அதே வார்டில் இன்னொரு குடும்பம் நேர் எதிராக நிற்கும். பெண்ணுக்கு ஒரு குறையும் இருக்காது. குழந்தை நன்றாக இருக்கும். 37 வாரம்கூட நிரம்பியிருக்காது. "சித்திரை பிறக்கறதுக்குள்ள எடுத்துடலாமா மேடம்?" என்று பஞ்சாங்கத்தை மடித்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். சித்திரை அப்பன் தெருவிலே என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவைத்ததற்காக, நுரையீரல் முழுதாகத் தயாராகாத பிள்ளையை வெளியே எடுக்கச் சொல்கிறார்கள். அவசரப்பட வேண்டிய இடத்தில் காத்திருக்கிறார்கள், காத்திருக்க வேண்டிய இடத்தில் அவசரப்படுகிறார்கள்.

முதலில் வாரக் கணக்கு. நான் வாரத்தைக் கேட்டால் பாதிப் பேர் மாதத்தைச் சொல்கிறார்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். அந்தத் தேதியிலேயே பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். 37 முதல் 39 வரை இன்னும் கொஞ்சம் இருந்தால் நல்லது என்கிற காலம். 39, 40 முழுமையான காலம். 41 வந்துவிட்டால் கவனம் வேண்டும். 42-ஐத் தொடவே விடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 41 வாரம் நிச்சயமாக முடிந்தவர்களுக்கு வலி வரவைக்கப் பரிந்துரைக்கிறது. "நிச்சயமாக" என்பதைக் கவனியுங்கள். மாதவிலக்குத் தேதி ஞாபகம் இல்லாதவர்களுக்கு, 11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேன்தான் ஆதாரம். அதற்கப்புறம் எடுக்கிற ஒவ்வொரு ஸ்கேனிலும் ஒரு புதுத் தேதி அச்சாகி வரும். எட்டாம் மாத ஸ்கேனில் தேதி தள்ளிப் போயிருக்கிறதே, இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே என்று வாதாடாதீர்கள். தேதி தள்ளிப் போகவில்லை, குழந்தையின் வளர்ச்சி குறைந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இருக்கலாம். அப்படியானால் அது நிம்மதிப்பட வேண்டிய செய்தி இல்லை. முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தயவுசெய்து தொலைக்காதீர்கள். தாய் சேய் அட்டையோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.

இப்போது எனக்கு அதிகம் எரிச்சல் தருகிற நம்பிக்கைக்கு வருகிறேன். மருந்து வைத்து வலி வரவைத்தால் கடைசியில் சிசேரியன்தான். பக்கத்து வீட்டில் அப்படித்தான் ஆனது, நாத்தனாருக்கு அப்படித்தான் ஆனது, அதனால் எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஏன் வலி வரவைத்தார்கள் என்று யாராவது கேட்டீர்களா? பி.பி. இருந்திருக்கும், சர்க்கரை இருந்திருக்கும், குழந்தைக்கு வளர்ச்சி போதாமல் இருந்திருக்கும். பிரச்சினை இருந்ததால்தான் வலி வரவைத்தார்கள். அந்தப் பிரச்சினையே சிசேரியனுக்கான வாய்ப்பையும் கூட்டுகிறது. அவளை, ஒரு குறையும் இல்லாமல் தானாக வலி வந்து நாலு மணி நேரத்தில் பெற்றுவிட்டு வீட்டுக்குப் போனவளோடு ஒப்பிடுவது என்ன கணக்கு? ஒப்பிட வேண்டுமானால் அதே வாரத்தில் அதே நிலையில் இருந்து, வலி வரவைக்காமல் காத்திருந்த பெண்ணோடு ஒப்பிட வேண்டும். காத்திருந்த எல்லோருக்கும் வலி வந்துவிடுவதில்லை. சிலருக்கு பி.பி. ஏறும், சிலருக்குக் குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிடும், சிலருக்குத் தேதி தாண்டிப் போகும். அவர்கள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதை யாரும் "காத்திருந்ததால் சிசேரியன் ஆனது" என்று சொல்வதில்லை. விதி என்று சொல்லிவிடுகிறார்கள்.

இந்த ஒப்பீட்டை முறையாகச் செய்தும் பார்த்தார்கள். அமெரிக்காவில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த, வேறு ஆபத்து எதுவும் இல்லாத 6,106 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு 39-ஆம் வாரத்தில் வலி வரவைத்தார்கள், இன்னொரு பகுதியைக் காத்திருக்க விட்டார்கள். 2018-இல் முடிவு வந்தது. வலி வரவைத்தவர்களில் சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களில் 22.2. கூடவில்லை, குறைந்திருக்கிறது. நெதர்லாந்தில் 36 வாரம் தாண்டிய, பி.பி. ஏறிய 756 பெண்களிடம் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. வலி வரவைத்தவர்களில் 31 சதவீதம் பேருக்கும் காத்திருந்தவர்களில் 44 சதவீதம் பேருக்கும் தாயின் நிலை மோசமானது. அங்கேயும் சிசேரியன் கூடவில்லை. சுவீடனில் தேதி தாண்டியவர்களை 41-ஆம் வாரத்தில் வலி வரவைப்பவர்கள், 42 வரை காத்திருப்பவர்கள் என்று பிரித்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். காத்திருந்தவர்கள் பக்கம் ஆறு குழந்தைகள் இறந்துபோயின, மறுபக்கம் ஒன்றுகூட இல்லை. இதற்கு மேல் தொடர்வது நியாயமில்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

சரி, நம் ஊர்க் கதை வேறு என்பீர்கள். உங்கள் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8. இதைப் படித்த பிறகு மக்கள் எங்களை நம்பவில்லை என்று கோபப்பட எனக்கு வாய் வராது. அந்த அமெரிக்க ஆய்வில் மருத்துவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். இங்கே காலையில் கர்ப்பப்பை வாயை இளக்கும் ஜெல் வைத்துவிட்டு, மாலைக்குள் வலி பிடிக்கவில்லை என்றால் "வலி ஏறலை" என்று எழுதித் தியேட்டருக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தொழிலுக்குள் இதைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஆனால் அதற்குத் தீர்வு, வலிப்பு வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருப்பது ஆகாது. கேள்வி கேட்பதுதான் தீர்வு.

ஏன், எத்தனை வாரம், கர்ப்பப்பை வாய் எப்படி இருக்கிறது, இரண்டு நாள் பொறுத்தால் என்ன ஆகும். இந்த நாலையும் கேளுங்கள். நேரமில்லை என்று மருத்துவர் சலித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

"ஏன்" என்பதற்கு வரும் பதிலை வைத்துப் பாதி முடிவு எடுத்துவிடலாம். பி.பி.யோடு புரதமும் போகிறது என்றால் 37 வாரத்துக்கு மேல் பேச்சே வேண்டாம். நிலைமை தீவிரமானால் அதற்கு முன்பே எடுக்க வேண்டியிருக்கும். இன்சுலின் போடுகிற சர்க்கரை என்றால் பெரும்பாலும் 39. சாப்பாட்டிலேயே கட்டுக்குள் இருக்கிற சர்க்கரை என்றால் 40 தாண்டியும் பொறுக்கலாம். பனிக்குடம் உடைந்து வலி வரவில்லை என்றால் கிருமி ஏறும், ஒரு நாளுக்கு மேல் காத்திருப்பது வம்பு. இரவில் உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் அரிப்பெடுத்து ரத்தத்தில் பித்த அமிலம் கூடியிருந்தால், அதன் அளவைப் பார்த்து நாள் குறிப்போம். அரிப்புதானே என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். குழந்தையின் வளர்ச்சி நின்று ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால், உள்ளே இருப்பதைவிட வெளியே எங்கள் கையில் இருப்பதுதான் அதற்குப் பத்திரம்.

இரண்டாவது கருத்துக் கேட்க வேண்டிய காரணங்களும் உண்டு. "கொடி சுத்தியிருக்கு." கழுத்தில் கொடி சுற்றிப் பிறக்கும் குழந்தைகள் நாலில் ஒன்று அளவுக்கு இருக்கும். அது மட்டுமே காரணம் என்றால் வலி வரவைக்கவும் தேவையில்லை, சிசேரியனும் தேவையில்லை. "குழந்தை பெரிசா இருக்கு." ஸ்கேனில் சொல்லும் எடை பத்துப் பதினைந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். மூன்றரைக் கிலோ என்று பயமுறுத்திய குழந்தை மூன்று கிலோவுக்குப் பிறப்பதை வாராவாரம் பார்க்கிறோம். "தண்ணி கம்மி." எவ்வளவு கம்மி என்று கேளுங்கள். கடைசி வாரங்களில் எல்லோருக்கும் தண்ணீர் குறையத்தான் செய்யும். தண்ணீர் ஆழமாகத் தேங்கியிருக்கும் ஓர் இடத்தில் அளந்தால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்து, குழந்தையின் துடிப்பும் அசைவும் சரியாக இருந்தால், பதற வேண்டியதில்லை. நாலு பக்கமும் அளந்து கூட்டுகிற கணக்கை மட்டும் நம்பினால் தேவையில்லாமல் வலி வரவைப்பதுதான் கூடுகிறது. ஸ்கேன் சென்டர் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கர்ப்பப்பை வாயைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். அது கடினமாக, நீளமாக, மூடியிருந்தால் நேரடியாக வலி வரவைக்கும் டிரிப்ஸ் ஏற்றுவதில் பயனில்லை. முதலில் அதை இளக்க வேண்டும். ஜெல் வைப்போம், 25 மைக்ரோகிராம் மாத்திரை கொடுப்போம், அல்லது சின்ன பலூன் உள்ள குழாயை வைப்போம். ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்களுக்கு அந்த மாத்திரை கூடவே கூடாது, கர்ப்பப்பையில் போட்ட பழைய தையல் பிரிந்துவிடலாம். அதனால் முந்தைய பிரசவ விவரத்தை மறைக்காதீர்கள். வேறு மருத்துவமனையில் நடந்தது என்று கூச்சப்பட்டு மறைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

உறவினர்களே, இது உங்களுக்கு. முதல் பிரசவத்தில் மருந்து வைத்ததிலிருந்து குழந்தை பிறக்க ஒரு நாள், ஒன்றரை நாள், சில சமயம் இரண்டு நாளும் ஆகும். கர்ப்பப்பை வாய் முதல் நாலைந்து சென்டிமீட்டர் திறப்பதற்குத்தான் நேரமெல்லாம் போகும். குக்கர் விசில் எண்ணுவது மாதிரி வாசலில் நின்று சென்டிமீட்டர் எண்ணாதீர்கள். "இன்னும் எவ்வளவு நேரம் அவ துடிக்கணும், ஆபரேஷனே பண்ணிடுங்க" என்று இரவு பதினோரு மணிக்குக் கத்துவது நீங்கள்தான். மறுநாள் "ஊசி போட்டு ஆபரேஷன் பண்ணிட்டாங்க" என்று ஊரெல்லாம் சொல்வதும் நீங்கள்தான். உண்மையிலேயே வலி பிடிக்கவில்லை என்று முடிவுகட்ட, பனிக்குடம் உடைத்து டிரிப்ஸ் போட்ட பிறகும் குறைந்தது 12 மணி நேரமாவது பார்க்க வேண்டும். தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் 18 மணி நேரம் வரைகூடப் பார்க்கலாம். இதை அட்மிட் ஆகும்போதே மருத்துவரிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். வலி தாங்கவில்லை என்றால் முதுகில் போடுகிற வலிமரப்பு ஊசி அங்கே உண்டா என்றும் கேட்டுவையுங்கள்.

தானாக வலி வரவைக்கிறேன் என்று விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுக்காதீர்கள். வயிற்றுப்போக்கில் சுருண்டு, உடம்பில் நீர் வற்றி வரும் பெண்ணுக்குப் பிரசவம் பார்ப்பது எங்களுக்கும் கஷ்டம், அவளுக்கும் கஷ்டம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடவே போடாதீர்கள்.

அப்புறம், ஏழு மாதப் பிள்ளை தங்கும், எட்டு மாதப் பிள்ளை தங்காது என்று சொல்லிக்கொண்டு இன்னமும் வருகிறார்கள். தப்பு. வயிற்றுக்குள் கூடும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம். 35 வாரத்தில் மூளையின் எடை, 39, 40 வாரத்தில் இருக்கப்போவதில் மூன்றில் இரண்டு பங்குதான். அந்த லாபத்தைவிட உள்ளே இருப்பதன் ஆபத்து பெரிதாகும்போதுதான் நாங்கள் எடுக்கச் சொல்கிறோம். நல்ல நேரம் பார்த்துச் சொல்வதில்லை.

இன்னொரு வேண்டுகோள். கட்டிலில் படுத்திருக்கிற பெண்ணிடம் ஒரு தடவை கேளுங்கள். மாமியார் பேசுகிறார், அம்மா பேசுகிறார், கணவர் போனில் யாரிடமோ ஆலோசனை கேட்கிறார். வயிறு யாருடையதோ அவள் வாயே திறப்பதில்லை. காரணத்தை அவளுக்குப் புரியும்படி சொன்னால் பெரும்பாலும் அவள் சரியான முடிவைத்தான் எடுக்கிறாள்.

எல்லாம் கேட்ட பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் அது உங்கள் உரிமை. ஆனால் போகிறவர்கள் வெறுமனே போகாதீர்கள். அடுத்து எப்போது பி.பி. பார்க்க வேண்டும், எப்போது குழந்தையின் துடிப்பைப் பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். தலைவலி, கண்முன் மின்னல், மேல்வயிற்றில் வலி, குழந்தையின் அசைவு குறைவு, பனிக்குடம் உடைதல், ரத்தப்போக்கு, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு வந்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனோமே, டாக்டரம்மா திட்டுவாரே என்று தயங்கி வீட்டிலேயே நேரத்தைக் கடத்தியவர்கள் உண்டு. திட்டுவேன்தான். பி.பி. பார்த்து, மருந்து போட்டுவிட்டு, அப்புறம்தான் திட்டுவேன்.