வாரத்துக்கு ஒரே ஊசி எப்படித் தாங்குகிறது?

"அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரையோடு, வாரம் ஒருமுறை போடும் செமாகுளுட்டைடு ஊசியையும் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போட்டது அடுத்த ஞாயிறு வரை உடம்பில் எப்படித் தாங்கும்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால், இந்த மருந்துக்கு முன்மாதிரியாக இருந்த இயற்கை ஹார்மோனில் பாதி, ரத்தத்தில் கலந்த சுமார் இரண்டு நிமிடத்திலேயே செயலிழந்துவிடும்.

அந்த ஹார்மோனின் பெயர் ஜிஎல்பி-1. இது ஒரு பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்களை மணிகள் போலக் கோத்த சின்னச் சங்கிலி. மொத்தம் 30 மணிகள்தான். சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் குடல்சுவர் செல்கள் இதைச் சுரக்கின்றன. கணையத்திடம் இன்சுலின் கேட்கும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மூளைக்குப் 'போதும்' என்று சொல்லும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் மட்டுமே இது இன்சுலினைக் கூட்டுகிறது. அதனால் தனியாகக் கொடுக்கும்போது தாழ்சர்க்கரை ஆபத்து குறைவு.

சரி, இவ்வளவு நல்ல ஹார்மோனை அப்படியே ஊசியில் ஏற்றினால் என்ன? ரத்தத்தில் ஒரு கத்தரிக்கோல் காத்திருக்கிறது. டிபிபி-4 என்ற நொதி. அது ஒவ்வொரு சங்கிலியிலும் முனையிலிருந்து இரண்டாவது மணியைப் பார்க்கும். ஜிஎல்பி-1இல் முதல் மணி ஹிஸ்டிடின், இரண்டாவது அலனின். அலனினைக் கண்டதும் அதையடுத்து ஒரு வெட்டு. முப்பதில் இரண்டுதானே போயிற்று என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஏற்பியின், அதாவது ஹார்மோன் வந்து திறக்க வேண்டிய செல்லின் பூட்டின், குழிக்குள் நுழைந்து அதை இயக்குவது அந்த முனைதான். பல் உடைந்த சாவி பூட்டுக்குள் போகும், ஆனால் திறக்காது. நம் ஊரில் பலர் சாப்பிடும் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் மாத்திரைகள் செய்வதெல்லாம் இந்தக் கத்தரிக்கோலின் வாயைக் கட்டுவதுதான்.

கத்தரிக்கோலுக்குத் தப்பும் சங்கிலி ஒன்று இயற்கையிலேயே இருந்தது, அதுவும் ஒரு பல்லியின் விஷத்தில். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களில் வாழும் கிலா மான்ஸ்டர், தடித்த உடம்பும் ஆரஞ்சும் கறுப்புமான தோலும் கொண்ட விஷப் பல்லி. அதன் மூச்சுக்காற்று பட்டாலே சாவு என்று அந்தப் பக்கத்து மக்கள் ஒரு காலத்தில் நம்பினார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்த ஜான் எங் அதன் விஷத்தில் எக்ஸெண்டின்-4 என்ற பெப்டைடைக் கண்டுபிடித்து 1992இல் வெளியிட்டார். ஜிஎல்பி-1ஐ ஏறக்குறைய பாதி ஒத்த சங்கிலி, அதே பூட்டைத் திறக்கும் சாவி. ஆனால் இரண்டாவது இடத்தில் அலனின் இல்லை, கிளைசின்! கத்தரிக்கோல் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. ஒரே ஒரு மணி மாறியதில் எத்தனை பெரிய வித்தியாசம் பாருங்கள். 2005இல் அதுவே எக்ஸெனடைடு என்ற மருந்தாக வந்தது.

பல்லி விஷத்தை ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்கும் நிதிக்குழு இதை முதல் பக்கத்திலேயே நிராகரித்திருக்கும். உடனடிப் பயனை மட்டும் பார்த்துப் பணம் ஒதுக்குவது தவறு என்பது என் உறுதியான கருத்து. நம் பல்கலைக்கழகங்களில் தவளையையும் தேளையும் ஆராயும் மாணவர்களுக்கு உதவித்தொகை மாதாமாதம் தவறாமல் வரவேண்டும்.

எக்ஸெனடைடையும் தினம் இருமுறை போட வேண்டியிருந்தது. கத்தரிக்கோலுக்குத் தப்பினாலும், இவ்வளவு சின்ன மூலக்கூறைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். இதற்கு டென்மார்க்கில் லோட்டே பியேரே நுட்சன் குழுவினர் கண்ட வழி அழகானது. நம் ரத்தத்தில் ஆல்புமின் என்ற பெரிய புரதம் ஏராளமாக மிதக்கிறது. சிறுநீரகச் சல்லடையில் அது அவ்வளவு எளிதாக நுழையாது. கொழுப்பு அமிலங்களைச் சுமந்து திரிவது அதன் அன்றாட வேலைகளில் ஒன்று. அப்படியானால் மருந்துச் சங்கிலியில் ஒரு கொழுப்பு அமில வாலைக் கட்டிவிட்டால், ஆல்புமினே அதைத் தூக்கிக்கொண்டு அலையும் அல்லவா! 16 கார்பன் வால் கட்டிய லிராகுளுட்டைடு இப்படித்தான் தினம் ஒரு ஊசியானது. செமாகுளுட்டைடில் வால் 18 கார்பனாக நீண்டது, பிடி இறுகியது. இரண்டாவது மணியான அலனினிலும் ஒரு சின்ன மெத்தில் தொகுதியை ஒட்டவைத்தார்கள். கத்தரிக்கோலின் வாய்க்குள் அது இனி பொருந்தாது. விளைவு, மருந்தின் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம். எந்த நேரத்திலும் பெரும்பகுதி ஆல்புமின்மேல் சவாரி செய்கிறது. இறங்கி நிற்கும் சிறுபகுதிதான் வேலை பார்க்கிறது.

உடல் பருமனுக்கான பெரிய சோதனை ஒன்றில், 68 வாரத்தில் செமாகுளுட்டைடு போட்டவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4. ஆனால் நிறுத்திய ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. குமட்டல் சாதாரணம், கணைய அழற்சி அரிது. கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று டாக்டரைப் பார்க்காமலே வாங்கிப் போடுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

வாசகிக்கு இன்னொரு விஷயம். மருந்து மெதுவாக வெளியேறுவதால், கடைசி ஊசிக்குப் பிறகும் சுமார் ஐந்து வாரம் ரத்தத்தில் இருக்கும். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை ஏதாவது வந்தால், மயக்கம் கொடுக்கும் டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முந்தின இரவிலிருந்து பட்டினி கிடந்தாலும் இரைப்பையில் சாப்பாடு மிச்சம் இருக்கலாம்.